மூன்று நாள் சித்தப்பா

சித்திரை விடுமுறைக்கு யார் யார் வருகிறீர்கள் என்ற பட்டியலை நம் வாட்ஸ்அப் குழுவில் போட்ட நாளிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான் வந்துகொண்டிருக்கிறது. ஐம்பத்து மூன்று பேர், யாருக்கு எந்த வேன், யாரால் தரையில் படுக்க முடியாது, யார் மாத்திரையை மறந்துவிட்டு வருவார், யாருடைய பிள்ளைக்குக் கினிகத்தேனை வளைவுகளில் வாந்தி வரும் என்று ஏழு நிரல் போட்டிருக்கிறேன். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ‘உறவு’ என்ற நிரலில் மட்டும் பிழை கண்டுபிடித்திருக்கிறீர்கள். இறக்குவானையில் இருப்பவரைப் பெரிய தாத்தா என்று எழுதிவிட்டு, அவருடைய கடைசி மகனை எப்படி மாமா என்று எழுதலாம், ஒன்றைத் திருத்து என்கிறீர்கள்.

பிழை இல்லை. இரண்டும் சரி. கடைசியாக நாம் எல்லோரும் இப்படிக் கூடியபோது உங்களில் பாதிப் பேர் பிறந்திருக்கவில்லை. மீதிப் பேர் மழைத்தண்ணீரில் கப்பல் விட்டுக்கொண்டிருந்தீர்கள். எனக்குப் பத்து வயது, கையில் எழுதும் கொப்பி ஒன்று இருந்தது. ஆகவே நான்தான் சொல்ல வேண்டும்.

நம் தேயிலைத் தோட்டத்து லயம் நோட்டன் பிரிட்ஜ் பாதையிலிருந்து இரண்டு மைல் மேலே. ஒரே தகரக் கூரையின் கீழ் பத்து வீடுகள். வீடு என்று நாங்கள் சொன்னதில்லை, காம்பரா என்போம். ஒவ்வொன்றும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. கட்டிடப் படம் வரைவதைத் தொழிலாக்கிக்கொண்ட பிறகு அந்த அளவை நினைத்து வியந்திருக்கிறேன். அப்போது அது குறைவு என்று எனக்குத் தெரியாது. ஏழாம் காம்பராவில் தாத்தாவும் அத்தையும். எட்டில் அப்பா, அம்மா, நான், தம்பி. சமையல் ஏழில், படிப்பு எட்டில்.

இரண்டுக்கும் நடுவில் உள்ள சுவரில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், ஒரு செங்கல் இல்லை. அந்த ஓட்டையை மறைத்துப் பால்மா டின் மூடி ஒன்று ஆணியில் தொங்கும். மூடியை விலக்கினால் கிரீச் என்று சத்தம் வரும். எலி வரும் என்று அதை அடைக்கச் சொல்லி அம்மா வருடா வருடம் கேட்பார். தாத்தா காது கேட்காதவர் போல் வெளியே போய்விடுவார். நானும் தம்பியும் அதன் வழியாகக் கொய்யாக்காய், அழிறப்பர், ஒருமுறை ஒரு பூனைக்குட்டி அனுப்பியிருக்கிறோம்.

அந்த வருடம் லயத்தை உடைத்துத் தனி வீடுகள் கட்டப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. எல்லோரும் புது வீட்டைப் பற்றிப் பேச, தாத்தா ஒன்றுதான் சொன்னார்.

“ஒடைக்கிறதுக்கு முன்னால அண்ணன் வந்து பாக்கணும்.”

அண்ணன் என்றால் பெரிய தாத்தா. அப்பாவுக்கு நான்கு வயதாக இருந்தபோது, எட்டாம் காம்பராவிலிருந்து மனைவியின் ஊர்ப்பக்கம், இறக்குவானையில் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். முப்பது வருடமாக வரவில்லை. இடையில் கலவரம் என்று நாட்டுக்கு ஆகாத வருடங்கள் இருந்தன. பிறகு போகாமலே பழகிவிட்டது. தாத்தா கடிதம் எழுதச் சொன்னார், அப்பா எழுதினார். பதினேழு பேர் வருகிறோம் என்று பதில் வந்தது. ஹட்டனிலும் கொழும்பிலும் இருந்த நம் ஆட்களையும் சேர்த்தால் முப்பத்தேழு. எங்களிடம் இருந்த கிளாஸ் இருபத்திரண்டு. என்னுடைய முதல் பட்டியல் அதுதான். எந்தக் கிளாஸ் எந்தக் காம்பராவிலிருந்து இரவல் வாங்கியது, அடியில் என்ன நிறப் புள்ளி என்று எழுதினேன்.

வேன் மத்தியானம் வந்தது. மழைக்கு முன் மலையில் ஒரு வெளிச்சம் வருமே, தேயிலை எல்லாம் கழுவி வைத்தது போல, அந்த நேரம். முதலில் இறங்கியவர் பெரிய தாத்தா. அவர் எங்களைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தார்.

“என்னடா தம்பி, தகரத்த மாத்திட்டீங்களா?”

“முப்பது வருசம் கழிச்சு வந்து தகரத்தப் பாக்குறீங்களே அண்ணே, என்னையப் பாருங்க” என்றார் தாத்தா.

“ஒன்னையுந்தான்டா மாத்தியிருக்காங்க.”

இருவரும் சிரித்தார்கள். பிறகு தாத்தா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார், வியர்க்காத முகத்தை.

கடைசியாக இறங்கியவர் தோளில் ஒரு பலாப்பழம். பெரிய தாத்தாவின் கடைசி மகன். “அவிசாவளையில கராஜ்ல வேல” என்று பெரிய தாத்தா பெருமையாகச் சொன்னார். எங்களைப் பார்த்து, “ஒங்களுக்குச் சித்தப்பா. தொல்ல குடுக்காம இருங்க” என்றார். அத்தை அப்போது டீத் தட்டோடு வாசலுக்கு வந்தார். அவரும் அவிசாவளையில்தான் தையல் தொழிற்சாலையில் வேலை செய்தார், விடுமுறைக்கு வந்திருந்தார்.

“ஏம்மா, ஒன் அண்ணனுக்கு ஒரு கிளாஸ் குடு. வேன்ல வாந்தியெடுத்துக் களச்சுப் போயிட்டான்” என்றார் பெரிய தாத்தா.

அத்தை கிளாஸ் கொடுக்கவில்லை. தட்டைத் துணி துவைக்கும் கல்லில் மெதுவாக வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். புதுச் சித்தப்பா பலாப்பழத்தை இறக்கவே இல்லை. எல்லோரும் உட்கார்ந்து, டீ குடித்து, கிளாஸ் கழுவும் வரை அப்படியே நின்றார். நல்ல பலசாலி என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

அத்தை படுத்துவிட்டார். வயிற்றுவலி என்றார். அம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். கொழும்பிலிருந்து வந்த பெரிய அத்தை திருஷ்டி என்று மிளகாய் சுற்றினார். அத்தை இரண்டுக்கும் மறுப்புச் சொல்லவில்லை.

மறுநாள் முழுக்கச் சித்தப்பா ஓரிடத்தில் உட்காரவில்லை. எட்டாம் காம்பராவின் கதவு தரையில் உரசுவதைச் சரிசெய்தார். பீலிக்குத் தண்ணீர் வரும் குழாயில் சைக்கிள் டியூப் சுற்றி ஒழுக்கை நிறுத்தினார். பீலி தெரியாதவர்களுக்கு: மலையிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீரை ஒரு குழாயால் கொண்டுவந்து விழவைத்திருப்பார்கள். குளிப்பும் துவைப்பும் குடிதண்ணீரும் அங்கேதான். நான் ஆணி பிடித்துக்கொண்டு அவரோடு போனேன்.

“ஒங்க அத்தைக்கு என்னவாம்?” என்று குழாயைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“வவுத்து வலி.”

“மருந்து குடிச்சாங்களா?”

“கொத்தமல்லி.”

“அது கேக்காது” என்றார்.

அதையும் கொப்பியில் எழுதினேன். வயிற்றுவலி: கொத்தமல்லி கேட்காது.

அன்று பிற்பகல் அம்மா அத்தையைக் குளிக்கவென்று பீலிக்கு அழைத்துப் போனார். வாளிகளுக்குக் காவலாக நான் மேல் படியில் இருந்தேன். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைத்தார்கள். பெரியவர்கள் பலரும் செய்யும் தவறு அது.

“எத்தன நாளாடி?” என்றார் அம்மா.

“ரெண்டு வருசம், அண்ணி.”

“தெரியாமயா பேசுன?”

“எப்படித் தெரியும்? பஸ் ஸ்டாண்டுல பாத்தது. அவருக்கு ரத்னபுரி பஸ்ஸு, எனக்கு அட்டன் பஸ்ஸு. என் பஸ் வந்தா நான் ஏற மாட்டேன், அவரு பஸ் வந்தா அவரு ஏற மாட்டாரு. கடைசி பஸ்ஸு வரைக்கும் நிப்போம். என்னமோ பேசுவோம்.”

“தோட்டத்துப் பேருகூடவா சொல்லிக்கல?”

“நான் போர்டுல உள்ள பேரச் சொன்னேன். அவங்க வீட்டுல நம்ம ஆளுக பேசுற பேருதானாம்.”

அது உண்மையாக இருக்கும். நம் தோட்டத்துக்குத் துரைமார் வைத்த இங்கிலீஷ் பெயர் ஒன்று, நம் ஆட்கள் கூப்பிடும் பெயர் ஒன்று. இரண்டும் ஒரே மலை என்று வெளியே யாருக்கும் தெரியாது.

அம்மா அன்றே அப்பாவிடம் சொன்னார். நான் மூடியை விலக்காமலே ஓட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

“அண்ணன் தங்கச்சி மொற” என்றார் அப்பா. “பங்காளி வீடு. இதெல்லாம் பேசவே கூடாது. அப்பா காதுல விழுந்தா, இத்தன வருசம் கழிச்சு வந்தவரு மூஞ்சில எப்படி முழிப்பாரு?”

“அவ சாப்பிட்டு ரெண்டு நாளாச்சு.”

“நான் என்ன பண்றது? மொறய நானா வச்சேன்?”

அப்பா மோசமானவர் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அன்று அவர் குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது. அவருக்கும் தங்கை ஒருத்திதான்.

மூன்றாம் நாள் பிற்பகல் குலசாமிக்குப் பூசை. லயம் போகும் முன் இரண்டு வீடும் சேர்ந்து ஆற்றோர மரத்தடியில் வைப்பதென்று தாத்தா முடிவு செய்திருந்தார். சாமான் வாங்கக் காலையில் வேன் கினிகத்தேனைக்குப் போக வேண்டும். கராஜில் அவசர வேலை, அப்படியே அங்கே இறங்கி அவிசாவளை பஸ் எடுக்கிறேன் என்று சித்தப்பா தோளில் பையோடு நின்றார். பூசைக்குக்கூட இருக்க மாட்டாயா என்று எல்லோரும் அவரைத் திட்டினார்கள். ஏழாம் காம்பராவின் கதவு சாத்தியிருந்தது.

என் கையெழுத்து தெளிவு என்பதால் பட்டியல் என் பொறுப்பு. தாத்தாவிடம் போனேன். செவலைச் சேவல் ஒன்று, சுருட்டு ஒரு கட்டு, கால் போத்தல் சாராயம், எலுமிச்சம்பழம் ஒன்பது என்றார். எந்தச் சாமிக்கு என்று கேட்டு, மேலே மதுரை வீரன் என்று எழுதினேன். பிறகு பெரிய தாத்தாவிடம் போனேன்.

“எங்க சாமிக்குச் சேவல் ஆகாதும்மா. பச்சரிசி, சக்கர, பால், பச்சக் கலர்ல ஒரு துணி.”

“எந்தச் சாமி?”

“பச்சையம்மா.”

பக்கத்தின் நடுவில் கோடு போட்டு, வலது பக்கம் எழுதினேன். வேனுக்கு அருகில் நின்று அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“என்னத்துக்கு ரெண்டா எழுதியிருக்க? ஒரு குடும்பத்துக்கு ஒரு சாமிதான” என்றார் அப்பா.

“தாத்தா இதச் சொன்னாரு. பெரிய தாத்தா இதச் சொன்னாரு.”

“அப்ப ஒண்ணு தப்பா எழுதிட்ட.”

எனக்கு ரோசம் வந்தது. கிளாஸ் கணக்கில்கூட ஒன்று பிசகாதவள் நான். அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் இரண்டு பேர் முன்னாலும் நிறுத்தி, மறுபடி வாசித்தேன். தாத்தா, “சரியாத்தான எழுதியிருக்கு” என்றார். பெரிய தாத்தா, “பால எழுதுனியா? எழுதிட்டியா. சரிதான்” என்றார்.

அப்பா கொப்பியை வாங்கி மறுபடி பார்த்தார். அம்மாதான், ரொட்டி மாவு ஒட்டிய கையோடு, உள்ளேயிருந்து ஓடிவந்தார்.

“மாமா” என்றார் தாத்தாவிடம். மாமனாருக்கு முன்னால் அம்மா குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. “ஒரு அப்பனுக்குப் பொறந்த அண்ணன் தம்பின்னா சாமி எப்படி ரெண்டாகும்?”

குலசாமி அப்பன் வழியில் வருவது. இது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அங்கே நின்ற முப்பத்தேழு பேருக்கும் தெரியும். ஆனால் முப்பது வருடமாக இரண்டு வீடும் ஒரே மரத்தடியில் பூசை வைத்ததில்லை. அதனால் யாரும் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் பார்த்ததில்லை, என் கொப்பியில் கோடு போடும் வரை.

பெரிய தாத்தா நிதானமாக வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

“ஒரு அப்பனுக்குப் பொறந்தோம்னு நான் எப்பம்மா சொன்னேன்? தம்பின்னு சொன்னேன். தம்பிதான்.”

பிறகு சொன்னார். தாத்தாவுக்குப் பதினான்கு வயதில், ஒரே மழைக்காலத்தில், அவருடைய அப்பாவும் அம்மாவும் காய்ச்சலில் போய்விட்டார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பெயர் கொடுத்துக்கொண்டிருந்ததால் ஏழாம் காம்பராவைத் தோட்டத்தில் திருப்பி எடுக்கவில்லை. தனியாக இருந்தார். பக்கத்துக் காம்பராவில் சோறு இருந்தது.

“கூப்பிட்டா வர மாட்டான். ரோசக்காரன். அடுத்த வீட்டுல ஒக்காந்து திங்க மாட்டேன்னு பட்டினி கெடந்தான். எங்க அம்மா பாத்துச்சு. எங்க அப்பாகிட்டச் சொல்லி ஒரு கல்லப் பேத்துப்புடுச்சு. தட்டு ஓட்ட வழியா அவன் வீட்டுக்குள்ளயே வந்துருச்சுன்னா அது அவன் வீட்டுச் சோறுதான? தின்னான். பதினஞ்சு வருசம் தின்னான்.” தாத்தாவைப் பார்த்தார். “ஏன்டா, புள்ளைகளுக்குச் சொல்லலையா?”

“என்னத்தச் சொல்றது? அண்ணன்னு சொல்லியிருக்கேன். அதுக்கு மேல என்ன இருக்கு?” என்றார் தாத்தா.

அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே, “அப்ப கட்டிக் குடுக்கலாம்” என்றார். யாரை, யாருக்கு என்று நாலா பக்கமும் கேட்க, இரண்டு வருட பஸ் ஸ்டாண்டும் வெளியே வந்தது. சித்தப்பா பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றார்.

எல்லாம் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். தாத்தா எழுந்தார்.

“முடியாது. பொண்ணக் குடுத்தா அவரு சம்பந்தி. எனக்குச் சம்பந்தி வேணாம். தேடுனா ஊருல ஆயிரம் சம்பந்தி கெடைப்பான். அண்ணன் ஒருத்தருதான்.”

ஏழாம் காம்பராவின் கதவு திறந்தது. அத்தை தானாக எழுந்து வாசலுக்கு வந்து நின்றார். தலை வாரியிருக்கவில்லை.

“சரிப்பா. அவரு இந்த வேன்ல போகட்டும். நான் சாயங்கால பஸ்ஸுல போறேன். அடுத்த தடவ அண்ணனும் தம்பியுமா நீங்க ரெண்டு பேரு மட்டும் கூடிக்கிருங்க.”

அத்தை சத்தம் போடவில்லை. அதனால்தான் அது தாத்தாவுக்குக் கேட்டிருக்க வேண்டும். அவர் பெரிய தாத்தாவைப் பார்த்தார், நீங்களே சொல்லுங்கள் என்பது போல.

“நான் சொல்லட்டுமா?” என்றார் பெரிய தாத்தா. “அண்ணன் அண்ணன்னு சொன்ன. முப்பது வருசம் எட்டிப் பாத்தியா? நானுந்தான் வரல. அண்ணன் தம்பின்னா அப்படித்தான், எங்க போயிடுவான்னு இருந்துருவோம். சம்பந்தின்னா அப்படி முடியுமா? தீவாளிக்கு வரணும், பொங்கலுக்கு வரணும், புள்ள பொறந்தா வரணும், மொட்டையடிச்சா வரணும். வரலைன்னா சண்ட போடலாம். எனக்கு அறுவத்து மூணு வயசாச்சு. இனிமே எனக்குச் சம்பந்திதான்டா லாபம்.”

யாரோ சிரித்தார்கள். தாத்தா சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அத்தையைத் தாண்டி உள்ளே போய்விட்டார். கோபம் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். பெரிய தாத்தாவும் முகம் வாடி, தான் தங்கியிருந்த எட்டாம் காம்பராவுக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். வேன்காரர் ஹோர்ன் அடித்தார். சித்தப்பா ஒரு கால் வேனிலும் ஒரு கால் தரையிலுமாக நின்றார். நான் பெரிய தாத்தாவின் பின்னால் போனேன், பட்டியலில் பச்சைத் துணி எத்தனை முழம் என்று கேட்காமல் விட்டிருந்தேன்.

அப்போது கிரீச் என்றது.

டின் மூடி விலகியது. ஓட்டையில் ஒரு கை வந்தது, தாத்தாவின் கை. அதில் பிளேன்டீ கிளாஸ். கிளாஸின் வாய் செங்கல்லில் உரசாமல் சற்றுச் சாய்த்து, பழகிய கை கொண்டுவருவது போல வந்தது.

“அண்ணே, இந்தாங்க. இந்த வழியா இதுதான் கடைசி. சம்பந்தி வீட்டு டீ நாளையிலேருந்து வாசல் வழியாத்தான் வரும்.”

பெரிய தாத்தா எழுந்து போகக்கூட இல்லை. கட்டிலிலிருந்தே குனிந்து கையை நீட்டினார். கிளாஸ் அவர் கைக்குச் சரியாக எட்டியது. குடித்து முடித்து, வெறும் கிளாஸை அதே வழியாகத் திருப்பி அனுப்பினார்.

“சீனி பத்தல” என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

நான் வெளியே ஓடினேன். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அப்பா சித்தப்பாவின் தோளிலிருந்து பையை இறக்கி வாங்கியது நினைவிருக்கிறது. இரண்டு நாளாகத் தம்பி, தம்பி என்று அழைத்தவர், “உள்ள வாங்க மாப்பிள” என்றார். சித்தப்பாவுக்கு எந்தக் காம்பராவுக்குள் போவதென்று தெரியவில்லை. இரண்டு வாசலுக்கும் நடுவில் நின்றார். அத்தை சிரித்தார்.

பூசை நன்றாக நடந்தது. மரத்தின் ஒரு பக்கம் வீரனுக்குச் சேவல், மறுபக்கம் பச்சையம்மாவுக்குப் பொங்கல். சேவல் குழம்பைப் பெரிய தாத்தாதான் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆகாதென்று சொன்னீர்களே என்று கேட்டேன். “சாமிக்குத்தாம்மா ஆகாது” என்றார்.

மறுநாள் காலை கிரீச் என்ற சத்தத்தில்தான் விழித்தேன். டீ ஓட்டை வழியாகத்தான் வந்தது. வேன் புறப்படும் வரை, இரண்டு நாளும், எல்லா டீயும் அப்படித்தான் வந்தது.

அவர்கள் போன பிறகு கொப்பியைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். வந்தவர்கள் பட்டியலில் சித்தப்பா என்பதை அடித்து மாமா என்று எழுதினேன். அவருடைய அண்ணன்மார் இரண்டு பேர், அவர்களின் பிள்ளைகள், எல்லாருடைய முறையும் மாறியது. ஒரு பக்கம் முழுக்க அடித்தல். கடைசியாக மேலே முதல் வரிக்கு வந்து பென்சிலை வைத்தேன். அத்தையின் மாமனாரை இனி எப்படி எழுதுவது என்று தாத்தாவிடம் கேட்டேன்.

தாத்தா இரவல் கிளாஸ்களைப் புள்ளி பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். கொப்பியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“மத்ததையெல்லாம் மாத்திக்க. அந்த ஒரு வரியில கை வைக்காத.”

நான் வைக்கவில்லை. இந்தச் சித்திரைக்குத் தாத்தா இல்லை, லயமும் இல்லை. பெரிய தாத்தாவுக்கு எண்பத்தைந்து, தரையில் படுக்க முடியாது, மெத்தை எழுதியிருக்கிறேன். டீ எந்த வழியாக வரும் என்று நேற்று போனில் கேட்டார்.